மகளின் கல்லூரிக் கட்டணம்: தேடலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் உயிர்வேதியியல் இளநிலைப் படிப்பில் முதலாண்டை முடிக்கப் போகிறாள். நான்காண்டுப் படிப்பு. ஆறு மாதங்களுக்கு முன் என் கணவரின் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அன்று முதல் நானும் அவளும் இரவு நேரங்களில் இணையத்தில் உதவித்தொகை தேடி, 23 இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஒன்றிலிருந்தும் நல்ல பதில் இல்லை. ஒரே ஒரு நிறுவனம் மட்டும், ‘தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் செலுத்தினால் தொகையை அனுப்புகிறோம்’ என்கிறது. விடுமுறைக்கு ஒரு தனியார் ஆய்வகத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, சான்றிதழ் தருவார்களாம். அதற்குப் போவதா, வேறு வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிப்பதா என்று கேட்கிறாள். மகன் பள்ளி இறுதி வகுப்புக்கு வருகிறான். அவனுக்கு வெளிநாட்டில் படிக்க ஆசை. கடன் வாங்கித்தான் தீர வேண்டுமா? நாங்கள் எங்கே தவறு செய்கிறோம்? விண்ணப்பித்த இடங்களின் பட்டியலையும், மகள் எழுதிய கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவுக் கட்டணத்தைச் செலுத்தாதீர்கள்; வங்கிக் கணக்கு விவரம் எதையும் அனுப்பாதீர்கள்; ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். உதவித்தொகை என்பது கொடுக்கும் இடத்திலிருந்து வாங்கும் இடத்துக்கு வருகிற பணம். எதிர்த்திசையில் ஒரு சிறு தொகை போனால்தான் பெரிய தொகை வரும் என்று யார் சொன்னாலும், அதற்குப் பெயர் பதிவுக் கட்டணமாக இருந்தாலும், செயலாக்கக் கட்டணமாக இருந்தாலும், முன்வரியாக இருந்தாலும், அது ஏமாற்று வேலை என்றே கொள்ளுங்கள். நேர்காணலோ, மதிப்பெண் பட்டியலோ, பரிந்துரைக் கடிதமோ கேட்காமல் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று எழுதுவதும், இரண்டு நாளில் முடிவு சொல்லச் சொல்லி அவசரப்படுத்துவதும் இந்தக் கூட்டத்தாரின் வழக்கமான அடையாளங்கள். பல மாதங்கள் கதவைத் தட்டிச் சோர்ந்துபோன குடும்பங்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். மாணவர் உதவிநிதிப் பணியில் இருக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போது வருகிற கோபம் இன்றளவும் குறையவில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 23 இடங்களில் 11 இடங்கள் முதுநிலைப் படிப்புக்கானவை. ஃபுல்பிரைட், செவனிங், ரோட்ஸ், எராஸ்மஸ் முண்டஸ் ஆகிய பெயர்கள் உலகெங்கும் பரவியிருப்பதால், உதவித்தொகை என்று தேடியவுடன் அவையே முதலில் வந்து நிற்கின்றன. ஆனால் ரோட்ஸ் பெரும்பாலும் இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கானது. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளுக்கானது. பிரிட்டிஷ் அரசு 1983-இல் தொடங்கிய செவனிங்குக்கு இளநிலைப் பட்டத்துடன் 2,800 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். முதலாண்டு மாணவி ஒருத்தி எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் இவற்றில் முதல் சல்லடையிலேயே நின்றுவிடுவாள். இன்னும் ஏழு இடங்கள் வேறு பாடப்பிரிவுக்கோ, வேறு நாட்டுக் குடிமக்களுக்கோ உரியவை. ஆக, உங்கள் மகள் உண்மையில் போட்டியிட்டது ஐந்தே இடங்களில். இதைச் சொல்வது உங்களைக் குறை கூறுவதற்காக அல்ல. 23 முறை நிராகரிக்கப்பட்டதாக அந்தப் பெண் எண்ணிக் கொண்டிருப்பாள், அந்த எண்ணம் தவறு என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே.

நீங்கள் தேடலைத் தொலைவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். உதவித்தொகையைப் பொறுத்தவரை, பணம் பெரும்பாலும் அருகில்தான் இருக்கிறது. அவள் படிக்கும் கல்லூரியே முதல் இடம். அதற்குள் அவளுடைய துறை. பிறகு அரசின் திட்டங்கள். பிறகு நீங்களும் உங்கள் கணவரும் வேலை செய்யும் நிறுவனங்கள், அவற்றின் தொழிற்சங்கங்கள், பணியாளர் கூட்டுறவுச் சங்கங்கள். பிறகு முன்னாள் மாணவர் சங்கமும் ஊர், சமூக அமைப்புகளும். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் உலகம் முழுவதற்கும் திறந்த பெரிய அறக்கட்டளைகள். வட்டம் பெரிதாகப் பெரிதாகப் போட்டியாளர்களின் எண்ணிக்கை கூடும் என்பது எளிய கணக்கு. ஒரு துறையின் முன்னாள் பேராசிரியர் நினைவாக ஏற்படுத்தப்பட்ட சிறு நிதிக்கு அந்தத் துறையின் மாணவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அவர்களிலும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தகுதியான விண்ணப்பம் வராமல் அத்தகைய நிதி ஓராண்டு முழுவதும் அப்படியே கிடந்ததை நான் பணியாற்றிய இடத்திலேயே பார்த்திருக்கிறேன். அறிவிப்பு, துறை அலுவலகத்தின் பலகையில் மூன்று வாரம் தொங்கியது. யாரும் நின்று படிக்கவில்லை.

கல்லூரி என்று நான் சொல்வது அறிவிப்புப் பலகையோடு முடிகிற விஷயமும் அல்ல. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கணவரின் வருமானம் ஆறு மாதங்களுக்கு முன் குறைந்தது என்பதுதான். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த வருமானச் சான்று அதற்கு முந்தையது. அதாவது, கல்லூரியின் பதிவேட்டில் உங்கள் குடும்பம் இன்னும் பழைய வருமானத்திலேயே இருக்கிறது. கட்டணச் சலுகையோ உதவிநிதியோ கொடுக்கும் பெரும்பாலான கல்லூரிகளில், நடுவில் நிலைமை மாறினால் மறுபரிசீலனை கோர ஒரு வழி இருக்கும். அது விளம்பரப்படுத்தப்படுவதில்லை, கேட்டவர்களுக்கே கிடைக்கிறது. கேட்கத் தயங்கும் குடும்பங்கள்தான் அதிகம். நம் வீட்டுக் கஷ்டத்தை ஏன் வெளியில் சொல்வது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உதவிநிதி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு கடிதம் வந்தால் யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் மகளின் பெயர், பதிவு எண், துறை, ஆண்டு, நீங்கள் கேட்பது இன்னது என்பது. இரண்டாம் பத்தியில் என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, முன்பு மாத வருமானம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பது. மூன்றாம் பத்தியில் ஆண்டுச் செலவு, அதில் உங்களால் முடிவது, குறைகிற தொகை. வேலை நேரம் குறைக்கப்பட்டதாக நிறுவனம் கொடுத்த கடிதம், மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான மூன்று மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், மகளின் முதலாண்டு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இணையுங்கள். உருக்கமான வாக்கியங்கள் தேவையில்லை. முடிவெடுப்பவர் ஒரு கோப்பில் நியாயத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவருக்குத் தேவை எண்களும் தாள்களும். மகளையே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கான கட்டணச் சீட்டு வருவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். நிதி ஒதுக்கீடு முடிந்த பிறகு கையில் வரும் நியாயமான கோரிக்கைக்குக்கூட, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதிலைத் தவிர வேறு வழியிருக்காது.

மூன்றாம் பத்திக்கான கணக்கை நீங்கள் இதுவரை போடவில்லை என்று நினைக்கிறேன். எவ்வளவு தேவை என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. படிப்புக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், ஆய்வகக் கட்டணம், போக்குவரத்து, கைச்செலவு என்று ஆண்டு முழுவதற்கும் கூட்டுங்கள். மொத்தம் 100 என்று வைத்து, உங்களால் 70 முடிகிறது என்றால் நீங்கள் தேட வேண்டியது 30 மட்டுமே. அந்த 30-ஐ ஒரே உதவித்தொகை நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்த்தால் கண் பெரிய தொகைகளையே தேடும். மறுபரிசீலனையில் 10, துறையின் சிறு நிதி ஒன்றில் 5, வளாகத்துக்குள் வாரம் சில மணி நேர வேலையில் 8, விடுமுறை ஊதியத்தில் 7 என்று துண்டு துண்டாக அடைபட்ட குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

துண்டுகளைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்து ஓர் உதவித்தொகை கிடைத்ததும், கல்லூரி தான் கொடுத்துவந்த உதவியை அதே அளவுக்குக் குறைத்துவிடுவது உண்டு. மாணவர் உழைத்து வாங்கியதன் பலன் கல்லூரிக்குப் போகிறது. இது நியாயமற்றது என்ற குரல் எழுந்து, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குச் சட்டப்படி கட்டுப்பாடு விதித்தது. எல்லா இடத்திலும் அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆகவே வெளி நிதிக்கு விண்ணப்பிக்கும் முன், ‘இது கிடைத்தால் நீங்கள் தரும் சலுகை குறையுமா, குறையும் என்றால் கடன் பகுதியில் குறையுமா, மானியப் பகுதியில் குறையுமா’ என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். புதுப்பிப்பு நிபந்தனையையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். ஓராண்டு மட்டும் வருவதா, நான்காண்டும் தொடருமா? தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? ஒரு பருவத்தில் குறைந்தது எத்தனை பாடம் எடுக்க வேண்டும்? நான் அறிந்த ஒரு மாணவர், உடல்நலம் சரியில்லை என்று ஒரு பாடத்தை மட்டும் விட்டார். அதனால் அவர் முழுநேர மாணவர் என்ற கணக்கிலிருந்து வெளியேறி, அந்த ஆண்டின் உதவித்தொகை முழுவதையும் இழந்தார். மதிப்பெண்ணில் அவர் வகுப்பின் முதல் ஐவரில் ஒருவர். பாடத்தை விடுவதற்கு முன் உதவிநிதி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மருத்துவ விலக்கு கோரியிருக்கலாம்.

மகளின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அது இப்படித் தொடங்குகிறது: ‘சிறு வயது முதலே அறிவியலின் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. மனித குலத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதே என் இலட்சியம்.’ தேர்வுக் குழுவினர் ஒரு மாலையில் ஐம்பது கட்டுரை படிக்கும்போது அவற்றில் முப்பது இதே இரண்டு வாக்கியங்களோடுதான் தொடங்கும். ஆனால் நான்காவது பத்தியில், போகிற போக்கில், அவள் ஒரு விஷயம் எழுதியிருக்கிறாள். நொதிச் சோதனையில் தன் குழுவுக்கு மட்டும் வினையின் வேகம் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கரைசலைக் குறை சொன்னார்கள். அவள் மூன்று வாரம் அளவீடுகளைக் குறித்துவைத்து, கடைசியில் தங்கள் நீர்த்தொட்டியின் வெப்பமானி 37 டிகிரி காட்டும்போது நீரின் வெப்பம் 34 டிகிரிதான், வேகம் குறைந்தது அதனால்தான் என்று வேறொரு வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்தாள். சகோதரி, அந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. முதல் மூன்று பத்திகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் என்ன எழுதினாள், எந்த நாளில் சந்தேகம் வந்தது, ஆசிரியர் என்ன சொன்னார் என்று இன்னும் ஒரு பத்தி விரித்து எழுதச் சொல்லுங்கள். பொறுமை, நேர்மை, கூர்ந்த கவனம் என்ற சொற்களில் ஒன்றையும் பயன்படுத்தாமலே அவை மூன்றும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டு நிலைமையைப் பற்றி இறுதியில் மூன்று வரி போதும்.

பரிந்துரைக் கடிதத்தையும் அந்த ஆய்வக ஆசிரியரிடமே கேட்க வேண்டும். துறைத்தலைவரின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று எண்ணி, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் வாங்கும் நான்கு வரிக் கடிதத்தால் பயனில்லை. கடைசித் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கேட்டு, கட்டுரையின் படியையும் மதிப்பெண் பட்டியலையும் கையில் கொடுப்பது முறை.

அடுத்து இன்டர்ன்ஷிப். படிப்புச் செலவுக்கு வேலையும் பயிற்சியும் கைகொடுக்க வேண்டும் என்பது புதிய எண்ணம் அல்ல. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர்கள் சிறிது காலம் வகுப்பிலும் சிறிது காலம் தொழிற்சாலையிலும் மாறி மாறி இருக்கும் முறையைத் தொடங்கினார். தொழிற்சாலைக் காலத்துக்கு ஊதியம் உண்டு. கூட்டுறவுக் கல்வி என்று அழைக்கப்படும் அந்த முறையை கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கப்பட்ட நாள் முதலே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. ஜெர்மனியின் இரட்டைக் கல்வி முறையிலும், இங்கிலாந்தில் 2015-இல் வந்த பட்டப் பயிற்சிப் பணி முறையிலும், மாணவர் படிக்கும்போதே நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பயிற்சிக்கு வருபவர் உழைக்கிறார், உழைப்புக்குக் கூலி உண்டு.

சம்பளமில்லாத அந்த இரண்டு மாதத்தைப் பற்றி முடிவெடுக்க ஓர் அளவுகோல் சொல்கிறேன். சம்பளமில்லாப் பயிற்சியாளரை எப்போது ஊழியராகக் கருத வேண்டும் என்ற வழக்கில், அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015-இல் ஒரு கேள்வியை முன்வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது யார், மாணவரா, நிறுவனமா? பயிற்சி கல்லூரிப் பாடத்தோடு இணைந்திருக்கிறதா, பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் மதிப்பீட்டுப் புள்ளி (கிரெடிட்) அதற்கு உண்டா, கற்றுக்கொள்ளும் காலத்துக்கு மேல் நீள்கிறதா, சம்பளம் வாங்கும் ஊழியர் செய்ய வேண்டிய வேலையை மாணவரிடம் வாங்குகிறார்களா என்பவை அந்தக் கேள்விக்கு விடை காண உதவுபவை. பிரான்சில் ஒரு கல்வியாண்டில் இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் மாணவர் பயிற்சிக்கு ஊக்கத்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், மகள் அந்த ஆய்வகத்துக்கு மூன்று கேள்விகள் எழுதட்டும். எந்த வேலையை, யாருடைய மேற்பார்வையில் செய்வேன்? எந்தக் கருவிகளை நானே இயக்கக் கற்றுக்கொள்வேன்? போக்குவரத்துச் செலவாவது தருவீர்களா? பதில் தெளிவாக வந்தால், குறிப்பாக மேற்பார்வையாளரின் பெயரோடு வந்தால், யோசிக்கலாம். ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வந்தால், மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டியே இரண்டு மாதமும் போய்விடும் என்று அர்த்தம்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு விடுமுறைக்குச் சம்பளமுள்ள வேலைக்கே போகட்டும் என்பேன். வீட்டில் பணம் குறைந்திருக்கும் நேரத்தில் இரண்டு மாத ஊதியத்தை விட்டுக்கொடுப்பது, அந்தச் சான்றிதழுக்கு அவள் கொடுக்கும் விலை. ஆனால் அதற்கு முன் ஒரு முயற்சி: தன் துறைப் பேராசிரியர்கள் இருவர் மூவரிடம், கோடையில் ஆய்வக உதவியாளராக ஊதியத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கட்டும். ஆய்வுத் திட்டங்களுக்கு வரும் நிதியில் மாணவ உதவியாளருக்கென்று ஒரு பகுதி இருப்பது வழக்கம்; வெப்பமானிக் கதையைச் சொன்னால் எந்தப் பேராசிரியரும் காது கொடுத்துக் கேட்பார். பணமும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தடுத்த கோடைகளுக்கு இப்போதே நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டியவையும் உண்டு. உயிரியல் சார்ந்த இளநிலை மாணவர்களுக்கு ஊக்கத்தொகையோடு கோடைக்கால ஆய்வு வாய்ப்பளிக்கும் ஆம்ஜென் ஸ்காலர்ஸ் திட்டம், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளநிலை ஆய்வு அனுபவத் திட்டம், கனடாவில் 12 வாரம் நடக்கும் மைட்டாக்ஸ் குளோபலிங்க், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் (RISE), ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பயிற்சி ஆகியவை எனக்கு நன்கு தெரிந்த பெயர்கள். இவற்றில் சில, குறிப்பிட்ட நாடுகளின் குடிமக்களுக்கோ அங்கே படிப்பவர்களுக்கோ மட்டும் உரியவை. ஒகினாவா எல்லா நாட்டினரையும் ஏற்று, பயணச் செலவையும் தங்குமிடத்தையும் தானே பார்த்துக்கொள்கிறது. விண்ணப்பிக்கும் முன் தகுதிப் பகுதியை முதலில் படிப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால், 23 இடங்களில் நேர்ந்தது மறுபடி நேராது. கோடைக்கான வாய்ப்புக்கு முந்தைய செப்டம்பர், நவம்பரிலேயே கதவு மூடிவிடுவதும் உண்டு. வசந்தத்தில் தேடத் தொடங்குகிறவர்களுக்கு எஞ்சுவது சம்பளமில்லாத இடங்கள்தான். பலர் அவற்றில் போய் விழுவதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. தேதி தவறியதே காரணம்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: எந்தக் கல்லூரி என்ற தேர்வு இன்னும் கையில் இருக்கிறது. உதவித்தொகையைத் தேடுவதைவிட, செலவு குறைவான அல்லது தானே உதவி செய்யும் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பல மடங்கு பலன் தரும். அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள், வெளிநாட்டு மாணவரானாலும் குடும்பத்தின் பணநிலையைப் பாராமல் சேர்க்கை முடிவெடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. நுழைவது மிகக் கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி 1892 முதல் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்கள் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரி வேலை செய்கிறார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் இணையப் பக்கத்தில் உதவி போகக் குடும்பம் கட்ட வேண்டிய தொகையைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றை வைக்க வேண்டும் என்ற விதி 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு அது சில இடங்களில் பொருந்தாது. ஆனாலும் விளம்பரத்தில் இருக்கும் கட்டணமும் ஒரு குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகையும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை அவனே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். சேர்ந்த பிறகு பகுதிநேர வேலை செய்து சமாளித்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். மாணவர் விசாவில் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான்.

கடைசியாகக் கடன். வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் வாங்கக் கூடாது என்றே சொல்வேன். முதலாண்டின் தொடக்கத்தில் 10 சதவீத வட்டிக்கு 100 வாங்கி, நான்காண்டும் எதையும் கட்டாமல் இருந்தால், தனிவட்டியில் அது 140 ஆகும்; வட்டி ஆண்டுக்கொரு முறை அசலோடு சேரும் கடனில் ஏறக்குறைய 146 ஆகும். அதே 100-ஐ உண்மையில் தேவைப்படும் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கினால், படிப்பு முடியும்போது 121-ஐத் தாண்டாது. ஆகவே எவ்வளவு வாங்குகிறோம் என்பதோடு, எப்போது வாங்குகிறோம், படிக்கும் காலத்து வட்டியை யார் சுமக்கிறார்கள், அரசின் வட்டி மானியம் உண்டா என்பவற்றையும் வங்கியில் கேட்டு எழுதி வாங்குங்கள். மகளுக்குச் சேர்ந்தாற்போல் மூன்றாண்டுக்கும் கடன் கேட்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டின் குறைக்கு மட்டும் கேளுங்கள்.

இப்போதைக்கு வரிசை இதுதான். இந்த வாரம் நிறுவனத்திலிருந்து வேலை நேரக் குறைப்புக் கடிதத்தை உங்கள் கணவர் வாங்கிவிடட்டும். அதே வாரத்தில் மகள் துறை அலுவலகத்துக்குப் போய், துறையின் பெயரில் என்னென்ன நிதிகள் இருக்கின்றன, எவற்றுக்கு எப்போது விண்ணப்பம் என்று ஒரு தாளில் எழுதி வரட்டும். மறுபரிசீலனைக் கடிதத்தை அடுத்த வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி என்ன பதில் சொல்கிறது என்று தெரிந்த பிறகே வங்கி விண்ணப்பத்தில் தொகைக்கான கட்டத்தை நிரப்புங்கள். திருத்திய கட்டுரையை மகள் அனுப்பினால், நான் மறுபடி படித்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.